நட்ட கன்றெல்லாம் ஆடிக்குள் கருகுகிறதே?

கேள்வி: தொண்டி பக்கம் கடலோர அரசுப் பள்ளியில் பசுமைப் படைப் பொறுப்பாசிரியர் நான். இரண்டு வருடமாக ஜூன் 5 அன்று நட்ட கன்றுகள் ஆடிக்குள் கருகிவிட்டன. இந்த முறை ஒருவர் 500 கன்று இலவசமாகத் தருகிறாராம். படம் எடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு ஜூன் 5 சரியான நாளாக இருக்கலாம். நம் கரைக்குப் பெருமழை அக்டோபரில்தான். நடுவில் நாலு மாதம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மணலை வாரிக் கொழுந்தில் அடிக்கும். சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஊட்டிக்கும் உச்சிப்புளிக்கும் ஒரே பருவம்! அன்றைக்குப் படம் அனுப்பியே ஆகவேண்டும் என்றால், பிள்ளைகள் குழி வெட்டுவதை எடுத்து அனுப்புங்கள். நடுவது ஐப்பசியில் இருக்கட்டும்.

எத்தனை கன்று என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். தை பிறந்தால் மழை நின்றுவிடும். அதற்குப் பிறகு கன்றுக்கு ஒரு தடவை 5 லிட்டர், வாரம் இரண்டு தடவை. 500 கன்றுக்கு வாரம் 5,000 லிட்டர். கோடை விடுமுறையில் யார் ஊற்றுவது? 40 கன்று என்றால் 400 லிட்டர், சமாளிக்கலாம். ஆழ்குழாய்த் தண்ணீர் கரித்தால் ஊற்றத் தொடங்குமுன் ராமநாதபுரத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் காட்டிக் கேளுங்கள்.

அந்த இலவசக்காரருக்குத் தேவை உங்கள் கையெழுத்து. எங்கோ ஒரு கணக்கில் 500 கன்று ‘பிழைத்துவிடும்’. யாரிடம் வாங்கினாலும் ரசீதில் மர வகை, உயரம், எண்ணிக்கை மூன்றும் இருக்க வேண்டும். எண்ணாமல் கையெழுத்து கூடாது. ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள்: வேர் அடியில் சுருட்டிக்கொண்டு நின்றால் திருப்பி அனுப்புங்கள்.

பூவரசு, புங்கை, வேம்பு, புன்னை போதும். இரண்டு மூன்றடிக் கன்று, ஒன்றரை அடிக் குழி. இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு கண்மாய் வண்டல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம். வெறும் மணலில் தண்ணீர் நிற்காது. பையைக் கழற்றிவிட்டு நடுங்கள். சிரிக்காதீர்கள், பையோடு புதைத்த கன்றுகள் நிறைய உண்டு. தென்மேற்கில் பனையோலைத் தட்டி, சுற்றிலும் சீமைக்கருவேல முள். பூவரசம் இலை என்றால் ஆட்டுக்கு அவ்வளவு ஆசை.

தண்ணீர்க் கணக்குக்கு ஒரே விலக்கு பனை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தப்பு இங்கேதான் நடக்கிறது. புரட்டாசியில் விழுந்த பழத்தின் கொட்டையைப் பத்தடி இடைவெளியில் அரையடி ஆழத்தில் நேராகவே புதைத்துவிட வேண்டும். பையில் முளைக்கவைத்து மாற்றி நடக் கூடாது: கொட்டையிலிருந்து கிளம்பும் முளை முதலில் கீழே இறங்கித்தான் கிழங்காகிறது, பிடுங்கினால் முறியும். மேலே ஓலை தெரியப் பல மாதம் ஆகும். அதற்குள் ‘முளைக்கவில்லை’ என்று தோண்டிப் பார்க்காதீர்கள். பொங்கல் சமயத்தில் பிள்ளைகள் கிழங்கு என்று தோண்டுவார்கள், அதையும் தடுக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு அடையாளக் கல் வையுங்கள்.

எல்லாம் பள்ளி வளாகத்துக்குள் இருக்கட்டும். கடற்கரையைச் ‘சுத்தம்’ செய்து நடுகிறோம் என்று யாராவது பொக்லைன் கொண்டுவந்தால் விடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். அலையாத்தி நடுவது வனத்துறையின் வேலை.

பருவநிலைப் பாடம் நடத்தப் பள்ளிக்கு வெளியே போகவேண்டாம். நேரான பக்கமுள்ள தட்டை அடி பாட்டிலில் ஸ்கேலை ஒட்டினால் மழைமானி. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர்; ஒழுகியது போக 800 தொட்டிக்கு வரும், 40 கன்றுக்கு இரண்டு வாரம். மழையளவை எழுதிவர எட்டாம் வகுப்பிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். தையிலும் மே கடைசியிலும் உயிரோடு நிற்கும் கன்றை எண்ணி அதே நோட்டில் எழுதட்டும். அடுத்த முறை ‘இலவசம்’ என்று வருகிறவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.