வெயிலுக்கு வந்தவர்களின் பாட்டு

சார்,

‘ஐயா’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நான் இருந்த இடத்தில் அந்தச் சொல் ஒரே ஒரு மனிதருக்கு உரியது. சொந்தத் தாத்தாவை அப்படிக் கூப்பிட்டாலும் அன்று இரவு சாப்பாடு கிடையாது. அதனால் ‘சார்’.

எனக்கு 43 வயது. காரைக்குடிப் பக்கம். 9 வயதில் அம்மாவோடு ஒரு குழுவுக்குள் போனேன். 34 வயதில் வெளியே வந்தேன். குழுவின் பெயர், எந்த மதம் என்பதெல்லாம் வெளியிட வேண்டாம். உள்ளே குழுவுக்கு ‘நிழல்’ என்று பேர். மிச்ச உலகம் முழுக்க ‘வெயில்’. விட்டுப் போனவர்களை ‘உதிர்ந்தது’ என்பார்கள், அஃறிணையில். சினிமாப் பாட்டு, ரேடியோ, திருவிழா, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், சாவு எல்லாமே வெயில். எங்களுக்கென்று நூற்றுச் சொச்சம் பாட்டு உண்டு. விடியற்காலை ஒன்று, சமைக்கும்போது ஒன்று, நடக்கும்போது ஒன்று.

இப்போது உதிர்ந்தவர்கள் பதினோரு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டு வளவில் கூடுகிறோம். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எங்களில் ஒருவரின் மாமா. ஆளுக்கு ஒரு பாட்டுக் கொண்டுவர வேண்டும். போனில் போட்டுக் கேட்போம், பாட வருகிறவர்கள் பாடுவோம். கண்ணதாசன் பாட்டை முதன்முதலாக முழுசாகக் கேட்டபோது எனக்கு 34 வயது. சிறுகூடல்பட்டிக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வந்துவிடலாம் சார்!

சிக்கல் என்னவென்றால், சாப்பிட்டு முடித்து நாலு மணி ஆனதும் யாராவது ஒருவர் நிழல் பாட்டை எடுத்துவிடுகிறார். எல்லோரும் சேர்ந்துகொள்கிறோம். நன்றாகவும் இருக்கிறது, அதுதான் கொடுமை. போன மாதம் ஒருவர் ‘ஒப்படைப்பு’ப் பாட்டை ஆரம்பித்தார். தப்புச் செய்தவர் என்று சொல்லப்பட்டவரை நடுவில் உட்காரவைத்து, அவர் ஒப்புக்கொள்ளும்வரை சுற்றி நின்று பாடுகிற பாட்டு அது. இரண்டு வரி போவதற்குள் ஓர் அண்ணன் எழுந்து கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தார். பிறகு சண்டை. ஓர் அக்கா, பாட்டு நோட்டையெல்லாம் கொண்டுவாங்க, இங்கேயே கொளுத்தணும் என்றார். இன்னொருவர், பாட்டு என்ன செஞ்சது பாவம் என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன தை மாதம் குன்றக்குடி ரோட்டில் பழனிக்குப் போகிற காவடிக் கூட்டம் பாடிக்கொண்டு வந்தது. எங்கள் ‘நடைப் பாட்டு’! மெட்டு அப்படியே, வார்த்தை மட்டும் முருகன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, நம் பாட்டைத் திருடிவிட்டார்களே என்று. புரிந்தபோது கால் ஓடவில்லை. நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் “என்னக்கா, வெயிலா?” என்று கேட்டாள்.

இந்தப் பாட்டுகளை நாங்கள் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

‘சார்’ போதும். எங்கள் வீடுகளில் ஐயா என்றால் தாத்தா. வெற்றிலை இடித்துக்கொண்டு, பாதிக் காது கேட்காமல், பேரப்பிள்ளைகளிடம் சில்லறை ஏமாறுகிற ஒரு மனிதர். அந்தச் சொல் உங்கள் வாய்க்குத் திரும்பி வந்தால் உங்கள் தாத்தாவுக்கே கொடுங்கள்.

நீர்மோர்ப் பெண்ணின் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். ஆமாம், வெயில்தான் என்று நீங்கள் சொல்லியிருக்கலாம்.

காவடியிலிருந்தே தொடங்குகிறேன். நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடித் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறது. பல தலைமுறையாக நடக்கிறது. தோளில் பாரம், காலுக்குக் கீழே கொதிக்கிற ரோடு. அந்த நடைக்குப் பொருந்தி வருகிற தாளம்தான் சிந்து. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடிப் பெரும்புகழ் அடைந்தார். அவருக்கு முன்பே அந்த நடை ஜனங்களின் காலில் இருந்தது. பிறகு பாரதி தேசத்துக்குச் சிந்து பாடினார். நாடக மேடை எடுத்துக்கொண்டது, சினிமாவும் எடுத்துக்கொண்டது. புதிதாக ஒரு கூட்டம் சேர்க்கிறவன் உட்கார்ந்து புது மெட்டுப் போடமாட்டான். ஆட்கள் வரும்போதே காலில் எதைக் கொண்டுவருகிறார்களோ அதன்மேல் தன் வார்த்தையை ஏற்றிவிடுவான். அதுதான் சுலபம், சீக்கிரமும் பற்றிக்கொள்ளும். உங்கள் நூற்றுச் சொச்சத்தில் இன்னும் பலவற்றுக்கு இப்படிச் சொந்த ஊர் கிடைக்கும். அந்தச் சமையல் பாட்டை ஒரு குரல்பதிவாக அனுப்புங்கள். முளைப்பாரிக் கும்மி என்று எனக்கு ஒரு சந்தேகம். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் கும்மி கொட்டுகிற ஒரு பாட்டியிடம் போட்டுக் காட்டினால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

பாட்டில் எது யாருடையது என்ற சண்டை நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தொடங்கியபோது கச்சேரி உலகம் இரண்டுபட்டது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு இடம் வேண்டும் என்பது வழக்கு. அவ்வளவு சூட்டிலும் தெலுங்குக்கு ஒரு கல்யாணி, தமிழுக்கு வேறொரு கல்யாணி என்று யாரும் சொல்லவில்லை. வார்த்தையில்தான் சண்டை. ராகம் பொதுவில் கிடந்தது.

ஆகவே மெட்டு உங்கள் குழுவுடையதல்ல. நீங்கள்தான் வாங்கினவர் கையிலிருந்து சொந்தக்காரர் கைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

இதோடு நிறுத்தினால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ‘பாட்டு என்ன செஞ்சது பாவம்’ என்றவரோடு என்னால் சேர முடியாது. அரிவாள்மணை என்ன செய்தது பாவம் என்றும் சொல்லலாம். விரல் போனவர் எதிரில் சொல்லக்கூடாது.

2013ல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். ஒரே பாட்டைப் பாடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சை விட்டு ஒரே இடத்தில் இழுக்கிறார்கள். மூச்சு ஒன்றுபட்டால் துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. திருவிழாவில் அது நமக்குக் கிடைக்கிற சுகம். அந்த மூச்சுக்கு நடுவில் ஒருத்தரைத் தனியாக உட்காரவைத்தால்? சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் ஒரே நெஞ்சு. அவருக்கு மட்டும் வேறு. எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொண்டு அந்த ஒரே நெஞ்சுக்குள் திரும்பிப் போய்விடத்தான் தோன்றும். உங்கள் அண்ணன் கிணற்றடிக்குப் போனதற்குப் பலவீனம் என்று யாராவது பேர் வைத்தால் விடாதீர்கள். அவர் உடம்பு சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறது.

இன்னொரு பக்கம் சொற்கள். ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், சீனாவில் கைதிகளின் மனத்தை எப்படி மாற்றினார்கள் என்று ஆராய்ந்து 1961ல் எழுதினார். இப்படிப்பட்ட இடங்களின் எட்டு அடையாளங்களைச் சொல்கிறார். அதில் ஒன்று, வாதத்தை வாயிலேயே அடைத்துவிடுகிற சொற்களைப் புழக்கத்தில் விடுவது. நிழல், வெயில், உதிர்ந்தது. மூன்றே சொல், உலகம் முடிந்தது! பேச்சில் வந்தாலாவது “அதெப்படி?” என்று ஒரு பிள்ளை கேட்கும். பாட்டில் வந்தால் எங்கே கேட்பது? தாளம் அடுத்த வரிக்குப் போய்விடுகிறதே.

அமெரிக்காவில் ஜிம் ஜோன்ஸ் நடத்திய பீப்பிள்ஸ் டெம்பிள் குழுவின் பாடகர்கள் 1973ல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். குழந்தைகள் பாடிய பாட்டும் அதில் உண்டு. நல்ல பாட்டு, நல்ல குரல்கள். 1978 நவம்பர் 18 அன்று கயானாவில் அந்தக் குழுவினர் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் அந்தத் தட்டைக் கேட்டிருக்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மோசமாக இருந்திருந்தால் முழுசாகக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இனி என் வீட்டுக் கதை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் ஆச்சி, மூத்த சகோதரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், கல்யாணமாகி நாலு வருஷத்தில் இதுபோல் ஒரு குழுவுக்குள் போனார். பதினோரு வருஷம். அப்பச்சி, எங்கள் அப்பா, இறந்தபோது வரவில்லை, வரவிடவில்லை. பிறகு ஒரு மார்கழியில், பிள்ளையார் நோன்பன்று பொழுதுசாயும் நேரத்தில் முகப்பில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. ஆத்தா அரிசி மாவும் வெல்லமும் பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “கைகால் கழுவிட்டு வா, இழை எடுத்துக்கிருவோம்” என்றார். அவ்வளவுதான். ஏன் போனாய் என்றோ அப்பச்சி சாவுக்கு ஏன் வரவில்லை என்றோ அன்றைக்கு மட்டுமல்ல, சாகும்வரை கேட்கவில்லை. அப்பச்சி இல்லாததால் இழை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. 21 நூலைத் திரித்து நெய்யில் நனைத்து மாவில் வைத்து ஏற்றினேன். எரிகிற திரியோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆச்சிக்குக் கை நடுங்கியது. ஆனால் போட்டுக்கொண்டார்.

அப்புறம் எல்லோரும் பிள்ளையார் பாட்டுப் பாடினோம். ஆச்சி வாயைத் திறக்கவில்லை. சின்ன வயதில் தெருவே கேட்கப் பாடியவர். சித்தி ஒருவர், “பாடேன்டி, உனக்குத் தெரியாததா” என்றார். ஆத்தா சித்தியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் வெகுகாலம் அதைக் காயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என்றைக்காவது ஆறும், பாடுவார் என்று. ஒருநாள் அவரே சொன்னார். “அங்கே என்ன வேணும்னாலும் செய்யலாம், வாயை மூடிக்கிட்டு மட்டும் நிக்க முடியாது. மேற்பார்வைக்கு ஒருத்தி இருப்பா, உதடு அசையுதான்னு பாத்துக்கிட்டே வருவா. காய்ச்சலா இருந்தாலும் அசைக்கணும். இப்ப நான் அசைக்கிறதில்ல. எவ்வளவு சொகமா இருக்கு தெரியுமா?”

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்வி இதுதான். எந்தப் பாட்டை வைத்துக்கொள்வது, எதை எரிப்பது என்று யோசிக்கிறீர்கள். நாலு மணிக்கு ஒருவர் எடுத்ததும் பதினோரு பேரும் சேர்ந்துகொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். பதினோரு பேருமா? ஒருவர்கூடச் சும்மா உட்கார்ந்திருக்கவில்லையா? எனக்குப் பாட்டைவிட அதுதான் உறுத்தியது. பழைய மேற்பார்வைக்காரி இன்னும் உங்கள் வளவில் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

நோட்டைக் கொளுத்த வேண்டும் என்ற அக்காவைத் தடுக்காதீர்கள், அவருடைய நோட்டாக இருந்தால். அடுத்தவர் நோட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒப்படைப்புப் பாட்டுக்குத் தடை என்று தீர்மானமெல்லாம் போட வேண்டாம். தடை போட்டுத் தடை போட்டுத்தானே உங்களை வளர்த்தார்கள். எடுக்கப்போகிறவர் முதலில் கேட்கட்டும்: “இதைப் பாடட்டுமா?” உங்கள் பதினோரு பேரிடமும் இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது. ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் கேட்கக்கூடாது. ஒரு நிழல் பாட்டைத் தனியாக, குளிக்கும்போது பாடத் தோன்றினால் தாராளமாகப் பாடுங்கள். 9 வயதிலிருந்து 34 வரை அந்த மூச்சு உங்களுடையது. அதை எந்தக் கணக்கில் கழிப்பது?

அந்த அண்ணனிடம் அடுத்த தடவை முதலில் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பாட்டே வேண்டாம் என்று சொன்னால் காபியைக் குடித்துவிட்டுக் கலையுங்கள்.

ஆச்சிக்கு இப்போது 71 வயது. இன்றைக்கும் பாடுவதில்லை. ஆனால் பட்டாலையில் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு, இது கண்ணதாசனா வாலியா என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் பத்து ரூபாய் பந்தயம் கட்டுவார். பேரன்கள் தோற்றுத் தோற்றுக் கடனாளி ஆகிவிட்டார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “பாடாத ஆளைச் சேத்துக்கிருவாகளா, கேட்டு எழுது” என்றார்.

எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். சில்லறையோடு வருவார்.