விதை தீர்வதற்குள் தகவல் வர வேண்டுமா? ஃபீட் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

பாலக்கோடு: அக்கா, நாட்டு விதை விற்கும் மூன்று ஆன்லைன் கடைகளைத் தினமும் திறந்து பார்க்கிறேன். நான் பார்ப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஃபீட் உதவுமா?

நன்றாக உதவும் தம்பி. பொருளின் பெயர், சுட்டி, ஏற்றிய தேதி எல்லாவற்றையும் கடையின் தளமே ஒரு பட்டியலாக எழுதிவைக்கிறது. அதுதான் ஃபீட். ரீடர் செயலி அவ்வப்போது அதைப் படித்துவிட்டு, புதிதாக வந்ததை மட்டும் நமக்குக் காட்டும். கடைக்காரருக்கு நம் போன் நம்பர் போகாது. எனக்கு இதுவே பெரிய நிம்மதி. போன ஆடியில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் வண்டிக்கு நின்றிருந்தேன். கொடித்தக்காளி விதை வந்ததாகப் போன் காட்டியது. வண்டி வருவதற்குள் ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஓசூர்: கடைப் பக்கத்தில் ஃபீடைக் குறிக்கும் ஆரஞ்சுச் சின்னமே இல்லையே?

சின்னம் இல்லாமலும் ஃபீட் இருக்கும். பல ஆன்லைன் கடைகள் ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் என்ற மென்பொருள்களில் ஓடுகின்றன. ஷாப்பிஃபை கடை என்றால், பொருள் வகைப் பக்கத்தின் முகவரிக் கடைசியில் ஒரு புள்ளி வைத்து atom என்ற எழுத்துகளைச் (.atom) சேருங்கள். வூகாமர்ஸ் கடைக்கு, வகைப் பக்க முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு feed (/feed). அப்புறம் ஒரு எச்சரிக்கை: வூகாமர்ஸ் ஃபீடில் வழக்கமாகக் கடைசி 10 பொருள்தான் நிற்கும். கடைக்காரர் ஒரே மாலையில் 20 விதை ஏற்றினால் பாதி நம் கண்ணில் படாமல் போகலாம். அதனால் கீரை, கத்தரி, கொடி என்று வகைவாரியாகத் தனித்தனி ஃபீட் சேர்த்துக்கொள்வது நல்லது.

பர்கூர்: அமேசானுக்கும் இப்படி உண்டா?

அங்கே தேடல் முடிவுக்கு ஃபீட் கிடையாது அண்ணா. பக்கம் மாறினால் சொல்லும் விஷுவல்பிங் போன்ற சேவையை முயன்று பாருங்கள்.

அரூர்: எந்த ரீடர் போடலாம்?

ஆண்ட்ராய்டில் ஃபீடர் (Feeder) என்ற செயலி. இலவசம், கணக்கும் தொடங்க வேண்டாம். பேட்டரி சேமிப்பு அமைப்பில் அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் பல போன்களில் பின்னணியில் ஓடாமல் தூங்கிவிடும். சேர்த்த ஃபீட்களை ஓபிஎம்எல் கோப்பாக, அதாவது ரீடர்கள் படிக்கக்கூடிய ஃபீட் பட்டியலாக, எடுத்துவைப்பதும் அவசியம். 2013 ஜூலையில் கூகுள் ரீடரையே மூடினார்கள். கோப்பு கையில் இருந்தால் அடுத்த செயலிக்கு ஐந்து நிமிடத்தில் மாறலாம்.

காவேரிப்பட்டினம்: தீர்ந்துபோன ஒட்டுக்கத்தி திரும்ப வந்தால் ஃபீட் சொல்லுமா?

வூகாமர்ஸில் சொல்லாது. ஏற்றிய தேதி பழையதாகவே இருப்பதால் புதுப் பொருளாக வராது. அந்தக் கத்திக்கு மட்டும் கடையிலேயே ‘ஸ்டாக் வந்ததும் தெரிவிக்கவும்’ என்ற பொத்தான் இருக்கிறதா பாருங்கள்.