இலவசமாக வைத்தியம் பார்த்தும் கட்டுப்படியாகுமா?

"தொழில் நடத்தி வறுமையைக் குறைக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள்.

கண்புரை முற்றிய கூலித் தொழிலாளிக்குக் களை எது, பயிர் எது என்று தெரியாது. அவர் கூலி போச்சு. கைபிடித்துக் கூட்டிப்போகும் பேரனின் படிப்பும் போச்சு.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். அறக்கட்டளைதான், ஆனால் நன்கொடையை நம்பி ஓடவில்லை. பணம் கட்டுபவர்களின் கட்டணத்தில் இலவச சிகிச்சையும் நடக்கிறது.

சூட்சுமம் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் முடிப்பதற்குள் அடுத்ததில் நோயாளி தயார். மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். மருந்து விடுவது, பரிசோதிப்பதெல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். (அதுவும் வேலைவாய்ப்புதானே!)

கண்புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் இறக்குமதி லென்ஸின் விலை கட்டுப்படியாகாமல், 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது.

ஆனால் ஒன்று, எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. கூட்டம் குறைந்தால் கணக்கு உதைக்கும். அதனால்தான் ஊர் ஊராக முகாம் போடுகிறார்கள்.