பெட்டியில் ரெண்டு குடியாத்தம் லுங்கிக்கும் இடம் வை

காட்பாடியிலிருந்து வருகிற ஜனவரியில் டொராண்டோவுக்கு வேலைக்குக் கிளம்பும் தங்கச்சி ஒருத்தி கேட்டது இது: "அக்கா, அம்மாவோட ஆரணிப் பட்டு, ஜிமிக்கி, பொட்டு எல்லாம் எடுத்து வரவா? அங்க போட வாய்ப்பே கிடைக்காது, ஆபீஸில் ஒரு மாதிரி பார்ப்பாங்கன்னு சொல்றாங்களே, ஜீன்ஸும் கோட்டும் போதுமா?" எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம், டொராண்டோவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வயதில் சின்னவள் என்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

எடுத்து வா. ஆனால் தீபாவளிக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று எடுத்து வராதே, வேலைக்குப் போட்டுக்கொண்டு போக என்று நினைத்து எடுத்து வா. அப்படி நினைத்தால் பெட்டிக்குள் போகிற சாமானே மாறிவிடும். நான் வரும்போது ஆறு பட்டுப்புடவை கொண்டுவந்தேன், நூல்புடவை ஒன்றுகூட இல்லை. ஆறும் மூன்று வருஷம் சூட்கேஸை விட்டு வெளியே வரவில்லை, கடைசியில் பிரித்துப் பார்த்தபோது ஒன்றில் மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் ஜரிகை விட்டுப்போயிருந்தது. அது அம்மாவின் புடவை. அதனால் பட்டு ஒன்றோ இரண்டோ போதும், ஆரணிப் பட்டு உடம்புக்கு லேசாக இருக்கும், அதையே எடு. பழைய வேட்டித் துணியில் சுற்றி வை, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்று. மீதி இடத்துக்கு நூல்புடவை.

அடுத்து பொட்டு. என் முதல் வேலையில் மேலாளர் ஒருத்தர், வெளியாட்கள் வரும் மீட்டிங்குக்கு அது இல்லாமல் வந்தால் நன்றாக இருக்குமே என்றார். அதட்டவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார். நான் மறுநாளே எடுத்துவிட்டேன், மீட்டிங் இல்லாத நாளிலும் வைக்கவில்லை. வீடியோ காலில் அம்மா "ஏன்டி பாழ் நெத்தியா நிக்கிற" என்று கேட்பாள், நான் பேச்சை மாற்றுவேன். இரண்டு வருஷம் கழித்து லீவில் ஊருக்கு வந்திருந்தேன், வேலூர் மக்கான் சிக்னலில் ஆட்டோ நின்றது, எதிரே வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து எழுந்த வேலூர்ச் சிப்பாய்களின் நினைவுத் தூண். 1806 ஜூலை 10. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த காரணங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன: நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போட வேண்டும். எழுச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் தீப்பொறி விழுந்தது இங்கேதான், நெற்றியிலும் காதிலும் தலையிலும் கை வைத்ததில். அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள், என்னை யாரும் கட்டாயப்படுத்தக்கூட இல்லை, ஒரு பேச்சுக்கு நானே எடுத்து வைத்துவிட்டேன். அது உறைத்தது. திரும்பி வந்த முதல் நாளே பொட்டோடு போனேன், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன்னிடம் யாராவது அப்படிச் சொன்னால், காரணத்தை மின்னஞ்சலில் எழுதச் சொல். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டம் இனம், பூர்வீகம், சமய நம்பிக்கை இவற்றைக் காட்டி வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்கிறது, எழுதச் சொன்னாலே பல பேர் பின்வாங்கிவிடுவார்கள். மெஷின் ஓடும் இடத்தில் தொங்கட்டான் போடாதே என்பது மட்டும் வேறு விஷயம், அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ வந்திறங்கும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று கனடா நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றுக்கொண்டது. அதனால் பொங்கல் விழாவுக்கு உன்னைக் கட்டாயம் கூப்பிடுவார்கள், முதல் புடவையைக் கொட்டும் பனியில்தான் கட்டப்போகிறாய். உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், அதன்மேல் காட்டன் பாவாடை. நைலான், ஜார்ஜெட் வேண்டாம், ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்து கிடக்கும், துணி காலோடு ஒட்டிக்கொண்டு நடக்க விடாது. ஜாக்கெட்டுக்குப் பதிலாகக் கழுத்து மூடிய மெல்லிய கம்பளி மேல்சட்டை ஒன்று, கறுப்போ அரக்கோ, நூல்புடவைக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும். கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலேயே கட்டு, பூட்ஸ் தெரிந்தால் தெரியட்டும். பனி உருகத் தெருவில் உப்பு கொட்டுவார்கள், அந்தத் தண்ணீர் பட்டால் கரையில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். ஜிமிக்கியைப் பையில் எடுத்துப்போய் உள்ளே போனதும் மாட்டு, மைனஸ் 15-இல் உலோகம் காதைக் கடிக்கும்.

இப்போது லுங்கி. எங்கள் தெருவில் விடிந்தால் தறிச் சத்தம்தான், அதனாலோ என்னவோ கட்டம்போட்ட துணி கண்ணில் பட்டால் என் கை தானாகத் தொட்டுப் பார்க்கும். இங்கே பழைய துணிக் கடையில் நல்ல கம்பளிக் கோட்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது, உள் லைனிங் மட்டும் கிழிந்திருந்தது. அப்பா கொடுத்தனுப்பிய நீலமும் அரக்கும் கலந்த குடியாத்தம் லுங்கியை எடுத்தேன். முதலில் கல்லுப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், கஞ்சியும் போக வேண்டும், சாயம் போகுமா என்றும் தெரிய வேண்டும். இரண்டு தடவை அலசி, ஈரம் காயுமுன் இஸ்திரி போட்டு, பழைய லைனிங்கைப் பிரித்து அதையே அளவாக வைத்து வெட்டினேன். கைக்கு மட்டும் வழுக்கும் சாட்டின் துணி, அங்கேயும் நூல்துணி வைத்தால் மேல்சட்டையைப் பிடித்து இழுக்கும். வெளியே பார்த்தால் சாம்பல் நிறக் கோட்டு, கழற்றி நாற்காலியில் போட்டால் குடியாத்தம்.

அப்படிப் போட்டிருந்த ஒரு நாள், நைஜீரியாவைச் சேர்ந்த சகபணியாளர் வந்து லைனிங்கைத் தொட்டு "இஞ்சிரி" என்றார். அவர் களபாரி இனம். நம் மெட்ராஸ் பக்கத்துக் கட்டத்துணிக்கு அவர்கள் வைத்த பெயராம் அது, தலைமுறை தலைமுறையாகச் சடங்குகளுக்கு உடுத்துகிறார்களாம். வாங்கியதை வாங்கியபடி உடுத்துவதோடு விடாமல், அவர்கள் வீட்டுப் பெண்கள் சில இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவி, கட்டத்துக்குள்ளேயே வேறு உருவம் எடுத்துவிடுவார்களாம். அம்மாவின் அந்த ஜரிகை விட்ட புடவையை வெட்ட எனக்குக் கை வந்தது அன்றைக்குத்தான். முந்தியை ஒரு நீளத் துண்டாக்கிக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறேன், கரையைச் சாதாரண வெள்ளைச் சட்டையின் கைப்பட்டியில் வைத்துத் தைத்தேன். அம்மாவிடம் சொல்லப் பயந்தேன், போட்டோ அனுப்பியதும் "இன்னொண்ணு இருக்கு, அனுப்பட்டா" என்றாள்.

கிளம்புமுன் ஃபால்ஸ், குஞ்சம், ஜாக்கெட் தையல் எல்லாவற்றையும் வேலூரிலேயே முடித்துவிடு, இங்கே கூலி துணியின் விலையைத் தாண்டும். ஜாக்கெட்டின் உள்ளே பக்கத்துக்கு ஒரு அங்குலமாவது துணி விடச் சொல், முதல் குளிர்காலத்தில் பல பேருக்கு உடம்பு போட்டுவிடும். அளவு ஜாக்கெட் ஒன்றையும் மறக்காதே.

கோட்டை அங்கே வாங்காதே, இங்கே வந்து என்னோடு பழைய துணிக் கடைக்கு வா. லுங்கியை மட்டும் நீயே பார்த்து எடுத்து வா, கட்டம் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், தையல் மெஷின் என் வீட்டில் இருக்கிறது.