ரா சலிப்பாக இருந்தால்

பல வருடம் கழித்து, திங்கட்கிழமைதோறும் வரும் WWE மல்யுத்த நிகழ்ச்சியான ராவை மறுபடி பார்க்கிறீர்கள், பாதிச் சண்டைகளில் யாராவது குறுக்கே புகுந்து முடிவே இல்லாமல் ஆக்குகிறார்கள், விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். பார்க்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள்.

வார நிகழ்ச்சியின் முக்கிய வேலையே அடுத்த பெரிய நிகழ்ச்சிக்குப் பகையை வளர்ப்பதுதான். ஒரு பெரிய வீரர் திங்கட்கிழமையே சுத்தமாகத் தோற்றுவிட்டால், அதே இருவர் ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவில் மோதும்போது யாருக்கு ஆவல் இருக்கும்? அதனால்தான் இத்தனை குறுக்கீடு. ஆனாலும் வாராவாரம் அதே தந்திரம் என்றால் எனக்கும் எரிச்சல்தான். நடுத்தட்டு வீரர்களின் சண்டைகளையாவது ஒழுங்காக முடிக்கலாம்.

பொறுமைக்குப் பலன் உண்டு. WWE-இன் இன்னொரு வார நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனில் சாமி ஸெய்ன் என்ற வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் மாதக்கணக்கில், அப்போதைய சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸின் கூட்டத்தில் ஓர் இடத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். 2023 ஜனவரியில் ராயல் ரம்பிள் என்ற பெரிய நிகழ்ச்சியில் அதே ரோமனின் முதுகில் நாற்காலியால் அடித்தார். வாராவாரம் அவர் முகத்தைப் பார்த்து வந்தவர்களுக்குத்தான் அந்த அடியின் கனம் தெரியும். சுருக்கக் காணொளியில் அது கிடைக்கவே கிடைக்காது.

சரி, இப்போதைக்குத் தொடக்கப் பகுதியையும் கடைசிச் சண்டையையும் பாருங்கள். பிடித்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் மைக் பிடித்துப் பேசுவதைத் தவறவிடாதீர்கள். அப்புறம், ராயல் ரம்பிளிலிருந்து ரெசில்மேனியா வரை மட்டும் ஒரு வாரமும் தாண்டாமல் முழுதாகப் பாருங்கள். ரம்பிளில் பலர் மோதும் சண்டையில் வென்றவருக்கு ரெசில்மேனியாவில் பட்டத்துக்கான சண்டை கிடைக்கும் என்பதால் கதை வேகமெடுப்பது அப்போதுதான்.