குருதிக்குழாய் அடைபடாமலே பாரிசவாதம் வருமா?

உங்கள் 19 வயதுத் தம்பிக்குப் பாரிசவாதம் போல வந்தது என்றும், ஸ்கேனில் எந்தக் குருதிக்குழாயிலும் அடைப்பில்லை என்றும், மெலாஸ் எனும் இழைமணி (கலங்களுக்குச் சக்தி ஆக்கும் நுண்ணுறுப்பு) நோயாக இருக்கலாம் என வைத்தியர் சொல்கிறார் என்றும் எழுதி, அப்படியானால் குழாய்களில் குறையே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் உயிரியல் கற்பித்தவன். என் தாய்வழியிலும் இந்நோய் உண்டு. அடைப்பு இல்லை என்பதால் குழாய் நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

வழமையான பாரிசவாதத்தில் ஒரு நாடி அடைபட, அது குருதி வழங்கும் பகுதி சேதமடைகிறது. 1984 இல் பெயரிடப்பட்ட மெலாஸிலோ, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் சேதம் எந்த நாடியின் எல்லைக்கும் அடங்காமல், பெரும்பாலும் மூளையின் பின்பகுதிகளில் பரவியிருக்கும்.

நாடியின் சுவரும் உயிருள்ள கலங்களால் ஆனதே. அதன் உட்படலக் கலங்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்க, அது சுவர்த் தசையைத் தளர்த்தி, தேவையான நேரத்தில் குழாயை விரியச் செய்கிறது. மெலாஸ் நோயாளரின் சிறு நாடிச் சுவர்களில் பழுதுபட்ட இழைமணிகள் மிகையாகப் பெருகியிருப்பதும், குருதியில் ஆர்ஜினின் குறைந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே வழி திறந்திருந்தும், மூளை கேட்கும்போது குழாய் விரிந்து கொடுப்பதில்லை. நரம்புக் கலங்களின் சக்திப் பற்றாக்குறையும் வலிப்புமே முதற்காரணம் என்று வாதிடும் நிபுணர்களும் உள்ளனர். இரண்டும் ஒன்றையொன்று மோசமாக்குகின்றன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அரிதாகச் சிலருக்குப் பெருநாடியும் விரிவடைவதுண்டு. இதயத் தசை பாதிக்கப்படுவது அதைவிட அதிகம் என்பதால் இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மெலாஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினரிடம் இருப்பது இழைமணி டி.என்.ஏ.யின் 3243 ஆம் இடத்து விகாரம், அதாவது மரபுக் குறியீட்டில் ஏற்பட்ட மாற்றம். என் பெரியம்மாவுக்கு இளவயதிலேயே சீனி வருத்தமும் காது கேளாமையும் இருந்தன. அவருடைய மகனுக்கு இந்த விகாரம் உறுதியான பிறகே அவை இரண்டும் அதனால் வந்தவை என்று விளங்கியது. உங்கள் அம்மா, சகோதரிகள், சித்திமார் ஆகியோரிடமும் இவை உண்டா என்று விசாரியுங்கள். குருதியில் விகாரத்தின் அளவு வயதோடு குறைந்துவிடுவதால், சிறுநீரிலும் பரிசோதிக்கக் கேளுங்கள். இந்த விகாரம் தாய்வழியாகவே கடத்தப்படுகிறது. தம்பிக்குச் சம்பந்தம் பேசும் காலத்தில், அவருடைய பிள்ளைகளுக்கு அவரிடமிருந்து இது போகாது என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

பட்டினி, நீரிழப்பு, காய்ச்சல் மூன்றும் இந்நோயைத் தூண்டக்கூடியவை. நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைய விடாதீர்கள். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் உபவாசம் இருக்க அவர் விரும்பினாலும் அன்போடு மறுத்துவிடுங்கள். தாக்கம் வந்த நேரத்தில் நாளத்தின் வழியாக ஆர்ஜினின் ஏற்றும் முறை, பெரும்பாலும் ஜப்பானிய ஆய்வுகளை ஒட்டி வந்தது; சான்று சிறிய ஆய்வுகளுடையதே என்றாலும், குருதியமுக்கத்தைக் கவனித்தபடி அதைக் கொடுக்க முடியுமா என்று உங்கள் நரம்பியல் வைத்தியரிடம் இப்போதே பேசி வையுங்கள். வலிப்புக்கு வல்புரோயேற்று இவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்கப்படும் மருந்து. சந்தேகிக்கப்படும் நோயின் பெயரையும் அந்த மருந்தின் பெயரையும் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் வைத்தியரைக் கொண்டே எழுதுவியுங்கள். நள்ளிரவில் கொண்டு ஓடினாலும், கடமையில் இருப்பவர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.