போக்கரில் ஷோடவுனுக்கு முன்பே முடியும் கைகளில் சிப் கரைவதை எப்படிக் குறைப்பது?

ஷோடவுன் வரை போய்ச் சீட்டைத் திறந்து காட்டும் கைகளில் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை) லாபம் வந்தாலும், அதற்கு முன்பே முடிந்துவிடும் கைகளில் சிப் கரைந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டதால், மார்த்தாண்டத்தில் இருந்தபடி நண்பர்கள் ஆறு பேராக இலவசச் சிப்பில் நாங்கள் ஆடும் ஆட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில், அந்தக் கணக்கில் ஓரளவு நஷ்டம் எல்லோருக்கும் உண்டு. சீட்டு வரும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் 50, 100 என்றால், ஆறு பேர் மேசையில் ஒன்றுமே ஆடாமல் ஃபோல்டு செய்துகொண்டே, அதாவது சீட்டை விட்டுக்கொண்டே இருப்பவருக்குக்கூட 100 கைக்கு 2,500 சிப், அதாவது 25 பிக் பிளைண்ட் போய்விடும். ஆகவே ஷோடவுன் இல்லாத கைகளின் லாப நஷ்டத்தைக் காட்டும் சிவப்புக் கோடு கீழே இறங்குவதைப் பார்த்த உடனே பதற வேண்டாம். அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் சிறுவயதிலிருந்தே வீட்டில் இருபத்தெட்டு ஆடி வளர்ந்தவன். அதில் கடைசிச் சீட்டு வரை ஆடியே தீர வேண்டும் என்பதால், கைக்கு வந்த சீட்டைத் தூக்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை. நல்ல சீட்டு இல்லாமலே சிப் வைத்து எதிராளியை விரட்டும் பிளஃப் செய்யத் துணிவில்லாததுதான் என் குறை என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ஒரு மழைக்கால இரவில், ஷோடவுனுக்கு முன் விட்ட கைகளை மட்டும் சிவப்பு மையில் நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. இஸ்பேட் 9, 8 போன்ற சீட்டுகளோடு ஸ்மால் பிளைண்டில் கால் செய்வது (எதிராளி வைத்ததற்குச் சமமாக வைப்பது), ஃப்ளாப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஒன்றும் அமையாமல் போவது, எதிரே பெட் (பந்தயம்) வந்ததும் விட்டுவிடுவது என்று பக்கம் முழுக்க ஒரே கதை. அந்த இடத்தில் இருப்பவர் ஃப்ளாப்பிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச வேண்டியவர் என்பதால், சுமாரான கையோடு அங்கே கால் செய்வதே பெரிய ஓட்டை. இப்போது பெரும்பாலும் மறுபடி ரெய்ஸ் செய்கிறேன் (பந்தயத்தை உயர்த்துகிறேன்), இல்லையென்றால் சீட்டை வீசிவிடுகிறேன்.

அடுத்தது, ஃப்ளாப்பில் கேட்பாரற்றுக் கிடக்கும் சிப். பட்டனிலிருந்து (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசும் இடம்) 250க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள், பிக் பிளைண்ட் மட்டும் கால் செய்கிறார், பாட்டில் (நடுவில் சேர்ந்த சிப்பில்) 550 இருக்கிறது. ஃப்ளாப்பில் ராஜா, 7, 2 மூன்று வேறு ஜாதிகளில் விழுந்தால், பெரும்பாலான கைகளுக்கு அது ஒட்டாது. அங்கே 180 வைத்தால், நான்கு முறைக்கு ஒரு முறை அவர் விட்டாலே உங்கள் கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த பெட் நஷ்டம் தராது. நடைமுறையில் அதைவிட அடிக்கடியே விடுகிறார்கள். 9, 8, 7 ஒரே ஜாதியில் விழுந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் பெரிய பிளஃப் செய்து சிவப்புக் கோட்டைத் தூக்கி நிறுத்த முயல்பவர்கள், ஷோடவுனில் அதைவிட அதிகமாக இழப்பதைக் கண்டிருக்கிறேன். பாட்டில் பாதி அளவு பெட் வைத்தால், மூன்றில் ஒரு முறையாவது எதிராளி விட வேண்டும். எதற்கும் கால் செய்துகொண்டே வருபவரிடம் அது நடக்காது. அவருக்கு எதிராக, உங்களுக்கு நல்ல கை வரும்போது மட்டும் பெரிதாக வையுங்கள்.